உடம்பு ஏறி இறங்கினால் மார்பு ஆபரேஷன் என்ன ஆகும்?



இந்த மாதம் எழுதப்போகும் விஷயத்தைப் பார்த்ததும் சிலர் பக்கத்தைத் திருப்பிவிடக்கூடும். ஆண்பிள்ளைகள் சிலர் சிரிக்கவும் கூடும். திருப்ப வேண்டாம், சிரிக்கவும் வேண்டாம். கைவலி, கால்வலி, தேள்கடி என்றால் பெரட்டுக்களத்திலேயே நின்று சத்தமாகச் சொல்கிறோம். மார்பில் ஒரு தொந்தரவு என்றால் மட்டும் வாய் அடைத்துக்கொள்கிறது. தோட்ட மருந்தகத்தில் பத்தொன்பது வருஷமாக வேலை செய்கிறேன். மார்பைப் பற்றி நேரே என்னிடம் பேசிய பெண்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். "இருமலுக்கு மருந்து குடுங்கய்யா" என்று வருவார்கள். மருந்தை வாங்கிக்கொண்டு பின்பக்கமாகப் போய் என் வீட்டுக்காரியிடம் உண்மையைச் சொல்வார்கள். அவள் வந்து எனக்குச் சொல்வாள். இங்கே எழுதுவதில் பாதி அப்படிப் பின்வாசல் வழியாக வந்த விஷயந்தான். சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டுக்கொண்டு, பேர் ஊர் சொல்லாமல் எழுதுகிறேன்.

ஒரு தீபாவளி லீவுக்கு வந்த பெண் அவள். பால்மரம் வெட்டுகிறவரின் மகள், வயது 27. ஜொகூரில் பேக்டரி வேலை, ஹாஸ்டலில் தங்கல். 84 கிலோ இருந்தவள் எட்டு மாதத்தில் 61 கிலோவுக்கு வந்திருந்தாள். லயத்தில் எல்லாரும் மெச்சினார்கள். அவள் மட்டும் என் வீட்டுக்காரியிடம் வந்து அழுதிருக்கிறாள். "அக்கா, ஒடம்பு நல்லா எறங்கிடுச்சி. ஆனா மாரு மட்டும் காத்துப் போன பலூன் மாரி தொங்குது. சித்திரையில கல்யாணம். அதுக்குள்ள தூக்கி வெச்சித் தைக்கிற ஆபரேஷன் பண்ணிக்கலாம்னு இருக்கேன். உள்ள சிலிகோனும் வெப்பாங்களாம்." இ.பி.எப். மூன்றாவது கணக்கில் இருப்பதை எடுத்து, மிச்சத்துக்குச் சீட்டு எடுப்பதாகத் திட்டம். அம்மாவுக்குத் தெரியாது.

இதைக் கேட்டதும் 'கொழுப்பு எடுத்த கழுதை' என்று திட்டுகிறவர்கள் நம்மில் உண்டு. நான் அப்படிச் சொல்லமாட்டேன். தன் உடம்பை நினைத்துக் கூசாமல் வாழவேண்டும் என்று ஒரு பெண்பிள்ளை ஆசைப்படுவது குற்றமல்ல. நான் அவளைக் கேட்டது ஒரே கேள்விதான். "எடை ஒரே இடத்துல நின்னுடுச்சா, இன்னும் எறங்குதாம்மா?"

"இன்னும் ஆறு கிலோ எறக்கணும்யா."

அப்படியானால் இப்போது ஆபரேஷன் வேண்டாம் என்றேன். காரணத்தை அவளுக்குச் சொன்ன மாதிரியே உங்களுக்கும் சொல்கிறேன்.

மார்பகம் என்பது என்ன? பால் சுரப்பிகள், அவற்றைச் சுற்றிக் கொழுப்பு, எல்லாவற்றையும் பிடித்து நிறுத்த மெல்லிய நார்கள், மேலே தோல். அதற்குள் தசை கிடையாது. தசை அடியில், நெஞ்சுக்கூட்டின் மேல் தனியாக இருக்கிறது. அதனால்தான் எத்தனை தண்டால் எடுத்தாலும் தசை உரம் பெறுமே தவிர, தொங்கின மார்பு பழையபடி மேலே ஏறாது. சிலருக்குச் சுரப்பி அதிகம், சிலருக்குக் கொழுப்பு அதிகம். வயது ஏற ஏற, முக்கியமாகத் தீட்டு நின்ற பிறகு, சுரப்பி சுருங்கிக் கொழுப்பின் பங்கு கூடும். கொழுப்பு உள்ள இடம் எதுவானாலும், உடம்பு பருத்தால் அதுவும் பருக்கும், இளைத்தால் அதுவும் இளைக்கும். வயிறு, தொடை, மார்பு எல்லாவற்றுக்கும் இது பொது.

இலவம்பஞ்சுத் தலையணை எல்லார் வீட்டிலும் இருந்ததுதானே. உறை நிறையப் பஞ்சு அடைத்தால் உறை இழுபட்டு விறைப்பாக நிற்கும். பல வருஷம் கழித்துப் பாதிப் பஞ்சை உருவிவிடுங்கள். பஞ்சு குறைந்துவிட்டது, உறை சின்னதாகிவிட்டதா? இல்லை, தொளதொள என்று தொங்கும். தோலும் அப்படித்தான். தோலுக்குள் கொலாஜன், எலாஸ்டின் என்று நார்கள் உண்டு. இளவயதில் கொஞ்சம் இழுத்துவிட்டால் திரும்பி வரும். ரொம்ப நாள், ரொம்பத் தூரம் இழுபட்டால் முழுசாகத் திரும்பி வராது. வெளுத்த கோடுகள் விழுவது அந்த நார்கள் அறுந்ததற்கு அடையாளம். தடவினால் தோல் இறுகும் என்று விற்கிற கிரீம் எதற்கும் இதைச் சரிசெய்கிற சக்தி கிடையாது. பாசார் மாலாமில் 40 வெள்ளி, 60 வெள்ளி என்று வாங்கி ஏமாறவேண்டாம்.

இப்போது ஆபரேஷனுக்கு வருவோம். இதில் மூன்று வகை. ஒன்று தூக்கி நிறுத்துவது, ஒன்று குறைப்பது, ஒன்று பெரிதாக்குவது. மூன்றுக்கும் பொதுவான ஒரு சங்கதி உண்டு. டாக்டர் அளவெடுப்பதும் வெட்டுவதும் அன்றைக்கு மேஜையில் படுத்திருக்கிற உடம்பைத்தான். அடுத்த வருஷத்து உடம்பை அவரால் அளக்க முடியாது.

தூக்கி நிறுத்தும் ஆபரேஷனில் உபரித் தோலை வெட்டி எடுத்து, காம்பை மேலே நகர்த்தித் தைக்கிறார்கள். உறையைப் பஞ்சுக்குத் தக்கபடி பிடித்துத் தைப்பது போல. 61 கிலோவில் தைத்துவிட்டு 55 கிலோவுக்கு இறங்கினால் பஞ்சு இன்னும் குறையும், உறை மறுபடி தொளதொளக்கும். பணம் போச்சு, தழும்பு மட்டும் மிச்சம். மாறாக 61-இல் தைத்துவிட்டுப் பழைய 84-க்கே திரும்பினால், தைத்த தோல் மறுபடி இழுபடும், தழும்பு அகலமாகும். பிறகு ஒருநாள் இளைத்தால் பழைய தொங்கலேதான்.

சிலிகோன் பை வைப்பது இன்னொரு கதை. 1962-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்தில் தாமஸ் குரோனின், பிராங்க் ஜெரோ என்ற இரண்டு டாக்டர்கள் முதன்முதல் வைத்தது இது. இதில் நம் பெண்களுக்குத் தெரியாத விஷயம், பைக்கு எடை மாறாது. நீங்கள் பருத்தாலும் அது பருக்காது, இளைத்தாலும் அது இளைக்காது. மாறுவது அதைச் சுற்றியிருக்கிற உங்கள் சொந்தச் சதைதான். இளைத்துவிட்டால் மேலே மூடியிருக்கும் கொழுப்பு மெலிந்து, பையின் ஓரம் கையில் தட்டுப்படும், தோலில் அலை அலையாகச் சுருக்கம் தெரியும். சில சமயம் பை மேலேயே நிற்க, சொந்தச் சதை அதன் மேலிருந்து வழிந்து கீழே தொங்கும். பருத்துவிட்டாலோ பையும் கொழுப்பும் சேர்ந்து பாரம் கூடி, தோல் இன்னும் சீக்கிரம் தளரும். பையை வைத்துவிட்டால் ஆயுசுக்கும் போதும் என்று நினைப்பதும் தப்பு. வருஷம் ஆக ஆகக் கிழியவோ, சுற்றிலும் தழும்பு இறுகிக் கல் மாதிரி ஆகவோ வாய்ப்புக் கூடும், மாற்றவோ எடுக்கவோ இன்னொரு ஆபரேஷன் வேண்டிவரும். பை கிழிந்திருக்கிறதா என்று வைத்த 5, 6 வருஷத்திலும், பிறகு 2, 3 வருஷத்துக்கு ஒரு முறையும் ஸ்கேன் எடுத்துப் பார்க்கச் சொல்லி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகம் 2020-இல் அறிவுறுத்தியது. சொரசொரப்பான ஒரு வகைப் பையால் சிலருக்கு அபூர்வமான நிணநீர்ப் புற்றுநோய் வருவது தெரிந்து, அவ்வகையைத் தயாரித்த ஒரு கம்பெனி 2019-இல் உலகம் முழுவதும் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆக, செலவு ஒரு நாளோடு முடிவதில்லை.

வயிற்றிலோ தொடையிலோ கொழுப்பை உறிஞ்சி மார்பில் ஏற்றுகிறார்களே, அது சொந்தக் கொழுப்பாச்சே என்று அந்தப் பெண் கேட்டாள். நல்ல கேள்விதான். சொந்தக் கொழுப்பு என்பதால்தான் அது உங்கள் எடையோடு சேர்ந்தே ஏறும், இறங்கும். ஏற்றினதில் ஒரு பங்கை உடம்பே கரைத்தும் விடும்.

ஆகவே அழகு ஆபரேஷன் செய்யும் நல்ல டாக்டர்கள், எடை ஒரே அளவில் குறைந்தது ஆறு மாதமாவது நின்ற பிறகு வரச் சொல்வார்கள். ஒரு வருஷம் பொறுக்கச் சொல்வாரும் உண்டு. இரைப்பையைச் சுருக்கும் ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு எடை இறங்கி நிற்கவே ஒன்றிலிருந்து ஒன்றரை வருஷம் ஆகும், அதற்கப்புறந்தான் மார்பைப் பற்றி யோசிக்கவேண்டும். இதையெல்லாம் கேட்காமல் "அடுத்த வாரமே வாங்க" என்று தேதி கொடுக்கிற இடத்தில் உங்களுக்கு என்ன வேலை? எழுந்து வந்துவிடுங்கள்.

அவள் எப்படி இளைத்தாள் என்பதையும் சொல்லவேண்டும். சோற்றைக் குறைத்தாள், மீ கோரெங், டின்பால் போட்ட தேத்தண்ணி எல்லாவற்றையும் விட்டாள், நடந்தாள். இதெல்லாம் சரி. கூடவே கைத்தொலைபேசியில் பார்த்து வாங்கிய 'ஸ்லிம்மிங் காப்பி' தினம் இரண்டு பாக்கெட் குடித்திருக்கிறாள். நாடி பார்த்தேன், உட்கார்ந்த இடத்திலேயே 112 ஓடிற்று. ராத்திரி தூக்கமில்லை, நெஞ்சு படபடப்பு. இந்தமாதிரிக் காப்பி, மாத்திரைகளில் சிபுட்ராமின் என்ற சரக்கைக் கலந்து விற்பதை நமது சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்திருக்கிறது. மாரடைப்பும் பக்கவாதமும் கூடுகிறது என்று 2010-லேயே பல நாடுகள் விலக்கிவிட்ட மருந்து அது. பாக்கெட்டில் பேர் இருக்காது. நிறுத்தினால் எடை எகிறும். காப்பியால் இறங்கின எடையை நம்பி மார்பைத் தைப்பது, மழைத்தண்ணி வடியுமுன்னே ஆற்றங்கரையில் வீடு கட்டுவது மாதிரி.

இப்போது வயிற்றில் குத்திக்கொள்ளும் எடை ஊசியைப் பற்றியும் பலபேர் கேட்கிறார்கள். அது உண்மையான மருந்துதான், டாக்டர் எழுதிக்கொடுத்துப் போடவேண்டியது. செமாகுளுடைட் என்பது அதில் ஒன்று. ஒரு பெரிய ஆராய்ச்சியில் அதைப் போட்டவர்கள் 68 வாரத்தில் சராசரி 15 சதவீத எடை குறைந்தார்கள். ஊசியை நிறுத்திய ஒரு வருஷத்தில் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது. ஆக, ஊசியில் இருக்கும்போது ஆபரேஷன் செய்துகொள்ள நினைப்பவர்கள், ஊசியை நிறுத்தினால் என்ன ஆகும் என்று முதலில் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மயக்கமருந்து கொடுக்கும் டாக்டரிடமும் ஊசி போடுவதைச் சொல்லவேண்டும், ஏனெனில் அது இரைப்பையில் சாப்பாட்டை நிறைய நேரம் தங்கவைக்கும், மயக்கத்தில் அது மேலே வந்து மூச்சுக்குழாய்க்குள் போனால் உயிருக்கே ஆபத்து.

சித்திரையில் கல்யாணம் என்றாளே, அதற்கும் வருகிறேன். கல்யாணம் ஆனால் பிள்ளை வரும். கர்ப்பத்தில் மார்பு பெருக்கும், பால் வற்றியதும் சுருங்கும். தைத்து வைத்த வேலையெல்லாம் ஒரு பிரசவத்தில் மாறிப்போகலாம். குறைக்கும் ஆபரேஷனில் பால் நாளங்கள் அறுபட்டால் தாய்ப்பாலும் குறையலாம். பிள்ளை பெற இன்னும் எண்ணமுள்ளவர்கள் இதை டாக்டரிடம் வெளிப்படையாகப் பேசவேண்டும். பிள்ளை பெற்றவர்கள் பால் நிறுத்திச் சில மாதம் கழித்து, மார்பு ஒரு நிலைக்கு வந்தபின்தான் போகவேண்டும்.

இங்கே ஒரு பொய்யையும் தீர்த்துவிடுகிறேன். பால் கொடுத்தால் மார்பு தொங்கிவிடும் என்று ஆயாக்கொட்டாயிலேயே புட்டிப்பாலுக்கு மாறுகிற தாய்மார்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் கெண்டக்கிப் பல்கலைக்கழக டாக்டர்கள், மார்பு ஆபரேஷனுக்கு வந்த தாய்மார்களை ஆராய்ந்து 2008-இல் வெளியிட்டார்கள். தொங்கலுக்குக் காரணமாகத் தெரிந்தவை வயது, உடல் பருமன், கர்ப்பங்களின் எண்ணிக்கை, முன்பே பெரிய மார்பாக இருத்தல், சிகரெட் ஆகியவை. பால் கொடுத்ததற்கும் தொங்கலுக்கும் சம்பந்தம் காணவில்லை. பிள்ளை வாயிலிருந்து பறித்து அழகைக் காப்பாற்ற முடியாது என்று தைரியமாகச் சொல்லுங்கள், மாமியார் கேட்டாலும் சரி.

இனி மற்றொரு அம்மாவைப் பற்றி. இவருக்கு அழகு ஒரு பிரச்சினையே இல்லை, பாரந்தான் பிரச்சினை. மருந்தடிக்கும் வேலை. முதுகில் 16 லிட்டர் பம்பு, முன்னால் சொந்த மார்பின் பாரம். உள்பாடியின் பட்டியும் பம்பின் பட்டியும் தோளில் ஒரே இடத்தில் அழுத்தி, விரல் வைத்தால் உள்ளே புதைகிற அளவுக்குப் பள்ளம். கழுத்துவலி, தலைவலி, மார்புக்கு அடியில் வேர்வை தேங்கித் தோல் வெந்து நாற்றம். ஒவ்வொரு மாதமும் என்னிடம் பனடோல் வாங்குவார். நானும் கொடுத்துக்கொண்டே இருந்தேன். மூன்று வருஷம் அப்படிப் போயிற்று. என் வீட்டுக்காரி சொல்லித்தான் உண்மைக் காரணம் எனக்குத் தெரிந்தது. அதை நான் முன்பே கேட்டிருக்கவேண்டும், கேட்காதது என் தப்பு.

கடிதம் எழுதி அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். திரும்பி வந்தவர் மருந்தக வாசலில் நின்று சத்தம் போட்டார். "கொழுத்துப் போய்ட்டேன்னு சொல்லித் திருப்பி அனுப்பிட்டாங்க தம்பி! வலிக்குதுன்னு போனா எளைச்சிட்டு வாங்கறாங்க. வலிக்குதுன்னுதானே நடக்க முடியல, நடக்க முடியலன்னுதானே பெருத்துப் போனேன்!" அவர் கோபத்தில் நியாயம் உண்டு. பெரிய மார்போடு ஓடவும் முடியாது, குனியவும் முடியாது. ஆனால் டாக்டர் சொன்னதிலும் நியாயம் உண்டு. அப்போது இவர் எடை 86 கிலோ, உயரம் 156 சென்டிமீட்டர். இனிப்புநீர் வேறு கட்டுக்குள் இல்லை. அந்த நிலையில் வெட்டினால் புண் ஆறாது, சீழ் பிடிக்கும், மயக்கமருந்தும் ஆபத்து. அத்தோடு, பிறகு இளைத்தால் குறைத்த மார்பு வடிவம் கெட்டுத் தொங்கும், பருத்தால் குறைத்ததில் பங்கு திரும்ப வரும். முதலில் இறங்கச் சொல்வது தண்டனை அல்ல. ஆனால் எப்படி இறங்குவது என்று சொல்லாமல் அனுப்பியதுதான் குறை, அதை நான் ஒத்துக்கொண்டேன்.

ஒன்றரை வருஷம் பிடித்தது. அவிச்ச கடலை, கீரை, அரைத்தட்டு சோறு, சீனி போடாத தேத்தண்ணி. ஓடவேண்டாம் என்று சொல்லிவிட்டு, சாயந்திரம் லயத்தைச் சுற்றி நடக்க வைத்தோம். நல்ல அளவுள்ள உள்பாடி ஒன்று வாங்கச் சொன்னோம். இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன், பலருக்கு உதவும். பாரத்தைத் தாங்கவேண்டியது தோள்பட்டி அல்ல, நெஞ்சைச் சுற்றியுள்ள கீழ்ப்பட்டி. அது இறுக்கமாக, முதுகில் மேலே ஏறாமல் நேராக நிற்கவேண்டும். தோள்பட்டி அகலமாக இருக்கவேண்டும். எடை ஐந்தாறு கிலோ மாறினால் பழைய அளவு சரிவராது, புதிது வாங்கவேண்டும். அடியில் வெந்துபோகிறவர்கள் குளித்தபின் தடவாமல் ஒத்தித் துடைத்து, நன்றாகக் காய்ந்தபின் உடுத்தவேண்டும், நடுவில் மெல்லிய பருத்தித் துணி வைக்கலாம். அங்கே அடிக்கடி காளான் வந்தால் இனிப்புநீர் இருக்கிறதா என்று ரத்தம் பார்த்துக்கொள்ளுங்கள். சும்மா பவுடரை அப்பி வைத்தால் வேர்வையில் களியாகிவிடும்.

86 கிலோ 72 ஆனது, இனிப்புநீர் அடங்கியது. கழுத்துவலியில் பாதி அதிலேயே போயிற்று. மீதிக்கு ஆபரேஷன் செய்தார்கள். வலப்பக்கம் 620 கிராம், இடப்பக்கம் 580 கிராம் எடுத்ததாக டிஸ்சார்ஜ் சீட்டில் இருந்தது. இரண்டும் சேர்ந்தால் ஒரு கிலோவுக்கும் மேல். வீட்டுக்கு வந்து முதலில் சொன்ன வார்த்தை, "தம்பி, மல்லாந்து படுத்தா மூச்சு விட முடியுது." ஆறு வாரம் பாரம் தூக்காமல் இருந்தார். தழும்பு காம்பைச் சுற்றி, நேர்கீழே, அடிமடிப்பில் என்று நங்கூரம் மாதிரி இருக்கும். அது முழுசாக மறையாது, மங்கும். காம்பில் உணர்ச்சி சிலருக்குக் குறையும், இவருக்கும் ஒரு பக்கம் குறைந்தது.

இது நடந்து நாலு வருஷமாகிறது. வேலையிலிருந்து நின்று, மகன் வீட்டில் உட்கார்ந்து, இப்போது 79 கிலோ. மார்பும் ஓர் அளவு பெருத்திருக்கிறது, பழைய அளவுக்கு வரவில்லை. வெட்டி எடுத்த கொழுப்பும் சுரப்பியும் போனது போனதுதான், ஆனால் விட்டுவைத்தது வளரும். "மறுபடி வெட்டணுமா தம்பி?" என்று கேட்டார். வேண்டாம், மறுபடி நடங்கள் என்றேன். வாயைச் சுளித்தார். ஆனால் இப்போது நடக்கிறார்.

எடையைப் பற்றிப் பேசும்போது நம்மவர் நிலையையும் மறைக்கக்கூடாது. 2019-இல் சுகாதார அமைச்சு எடுத்த நாடளாவிய கணக்கில், வயது வந்த மலேசியரில் 50.1 சதவீதம் பேர் அதிக எடையோ பருமனோ உள்ளவர்கள், 18.3 சதவீதம் பேருக்கு இனிப்புநீர். இரண்டிலும் இந்தியர் மற்ற இனத்தாரைவிட அதிகம். நம் வயிற்றைப் பார்த்தால் கணக்கே வேண்டாம். எடையைக் கிலோவில் போட்டு, உயரத்தை மீட்டரில் இருமுறை வகுத்துப் பாருங்கள். 23-க்கு மேல் போனால் அதிக எடை, 27.5-க்கு மேல் பருமன் என்பது நம் ஆசிய உடம்புக்கு வைத்திருக்கும் கணக்கு. அந்தப் பெண்ணின் உயரம் 155 சென்டிமீட்டர். 55 கிலோ என்று அவள் நினைத்தது சரியான அளவுதான். இறங்கின வேகமும் காப்பியுந்தான் தப்பு.

சிகரெட் பிடிக்கிறவர்களும், வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர்களும் ஒன்று கவனிக்கவேண்டும். நிக்கோடின் ரத்தக்குழாயைச் சுருக்கும். காம்பை நகர்த்தித் தைத்த இடத்துக்கு ரத்தம் போகாவிட்டால் அந்தத் தோலே செத்துவிடும். ஆபரேஷனுக்கு ஒரு மாதமாவது முன்பே விடவேண்டும். டாக்டர் சிகரெட்டை மட்டுந்தான் கேட்பார், புகையிலையை நீங்களாகச் சொல்லுங்கள்.

எடை மாறும்போது இன்னொன்று நடக்கும், இதுதான் எனக்குப் பெரிய பயம். கொழுப்பு குறைந்தால் முன்பு உள்ளே மறைந்திருந்த கட்டி கையில் தட்டுப்படலாம். "எளைச்சதால எலும்பு தெரியுது" என்று அதை விட்டுவிடாதீர்கள். ஒரு மார்பு மட்டும் சுருங்குவது, தோல் ஆரஞ்சுத் தோல் மாதிரி குழி விழுவது, காம்பு புதிதாக உள்ளே இழுத்துக்கொள்வது, ரத்தம் கசிவது, அக்குளில் கட்டி, இவை எதுவும் எடையால் வருவதில்லை. எடை ஏறினாலும் இறங்கினாலும் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் மாறும். ஒரு பக்கம் மட்டும் மாறினால் அதே வாரத்தில் காட்டவேண்டும். நம் நாட்டுப் பெண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோய்தான். தீட்டு நின்றபின் பருமனாக இருப்பதும் அதற்கு ஒரு காரணம். ஒன்றும் செய்யாமலே எடை கிடுகிடு என்று குறைந்தால் அது நல்ல செய்தி அல்ல. இனிப்புநீர், காசம், தைராய்டு என்று பார்க்கவேண்டியது நிறைய உண்டு. அழகு ஆபரேஷனுக்குப் போகிறவர்களும் வயதுக்குத் தக்கபடி முதலில் மார்பைச் சோதித்துக்கொள்ளவேண்டும். சிலிகோன் பை உள்ளவர்கள் மேமோகிராம் எடுக்கும்போது அதை முன்கூட்டியே சொல்லவேண்டும். அதற்குத் தனி முறையில் படம் எடுப்பார்கள்.

யாரிடம் போவது? ஊசியால் மார்பைப் பெரிதாக்குகிறோம் என்று அழகு நிலையங்களிலும் ஹோட்டல் அறைகளிலும் செய்கிறவர்களிடம் ஒருபோதும் போகாதீர்கள். 1899-இலேயே வியன்னாவில் ஒரு டாக்டர் மெழுகு எண்ணெயை உடம்பில் ஏற்றிப் பார்த்தார். அதன்பின் மார்பில் ஏற்றிக்கொண்டவர்களுக்குக் கட்டியும் புண்ணும் வந்தன. பின்னால் திரவ சிலிகோன் வந்து அதே கதை. நூறு வருஷத்துக்கு மேலாகியும் அந்த வியாபாரம் சாகவில்லை. பக்கத்துத் தோட்டத்துப் பெண் ஒருத்தி 1,500 வெள்ளி கொடுத்து ஓர் அழகு நிலையத்தில் ஊசி போட்டுக்கொண்டாள். ஆறு மாதத்தில் மார்பு முழுக்கக் கட்டி கட்டியாக இறுகிவிட்டது. சுரப்பியோடு கலந்துவிட்ட அதைத் தனியே பிரித்து எடுக்க வழியில்லை. இளைத்தாலும் அது கரையாது. நம் நாட்டில் மார்பு ஆபரேஷன் செய்யவேண்டியவர் நிபுணர் பதிவேட்டில் உள்ள பிளாஸ்டிக் சர்ஜன். செய்யவேண்டிய இடம் 1998-ஆம் ஆண்டுத் தனியார் சுகாதார வசதிச் சட்டப்படி அனுமதி பெற்ற ஆஸ்பத்திரி. பேரை எழுதிக்கொண்டு வாருங்கள், பதிவேட்டில் இருக்கிறாரா என்று சேர்ந்து பார்ப்போம். அதற்குக் காசில்லை.

தனியாரில் செலவு பல ஆயிரம் வெள்ளி. 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி என்றாயிற்று, அதில் எத்தனை மாதச் சம்பளம் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். அத்தோடு ஆறு வாரம் குலை சுமக்கவோ பம்பு தூக்கவோ முடியாமல் போகும் கூலியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் வெறும் அழகுக்குச் செய்வதை எதிர்பார்க்க வேண்டாம். தோள் பள்ளம், கழுத்துவலி, ஆறாத புண் என்று உடல்நோவு இருந்தால் குறைக்கும் ஆபரேஷனுக்குக் கடிதம் எழுத வழியுண்டு. காத்திருக்கவேண்டி வரும். அந்தக் காத்திருப்பில் எடையை இறக்கி நிறுத்திக்கொள்ளலாம்.

அந்தப் பெண் அம்மாவிடம் சொன்னாளா என்று கேட்பீர்கள். சொன்னாள். இரண்டு நாள் வீட்டில் அழுகை, மூன்றாம் நாள் தாயும் மகளுமாக மருந்தகத்துக்கு வந்தார்கள். காப்பியை நிறுத்தினாள். நிறுத்தியதும் 65-க்கு ஏறி, மெல்ல 62-க்கு வந்து, இப்போது ஐந்து மாதமாக அங்கேயே நிற்கிறது. இ.பி.எப். பணத்தைத் தொடவில்லை. கல்யாணம் முடிந்துவிட்டது. சீட்டு மட்டும் இன்னும் கட்டி வருகிறாள், முதல் பிள்ளைக்கு அப்புறம் யோசிப்பதாகச் சொல்கிறாள். மாப்பிள்ளைக்கும் எல்லாம் தெரியும் என்று என் வீட்டுக்காரி சொன்னாள்.

ஆபரேஷன் பற்றிய எண்ணம் யாருக்காவது இருந்தால், இன்றிலிருந்தே ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒரு முறை, காலையில், சாப்பிடுமுன், ஒரே தராசில் எடை பார்த்துத் தேதியோடு எழுதுங்கள். பிள்ளை பெற்றது, பால் நிறுத்தியது, போடும் மருந்து, மாத்திரை, ஊசி எல்லாம் அதில் இருக்கட்டும். டாக்டரிடம் போகும்போது அதைக் கையில் கொண்டுபோங்கள். மருந்தகத்துத் தராசு பெரட்டுக்கு முந்தியே திறந்திருக்கும். கூச்சமாக இருந்தால் புதன்கிழமை வாருங்கள், அன்றைக்கு என் வீட்டுக்காரி இருப்பாள்.